குடிக்க வந்தவர்களுக்கு ஒரு கச்சேரி

லிவர்பூல் நகரத்தின் மையத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பஸ்ஸில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், கப்பல் துறையின் இரைச்சலும் கடைவீதியின் நெருக்கமும் மெல்ல மெல்லப் பின்தங்கி, வெஸ்ட் டார்பி என்னும் புறநகர் வந்து சேரும். அங்கே ஹேமன்ஸ் கிரீன் வீதியில் 8-ஆம் எண்ணுள்ள பழைய மாளிகையை மோனா பெஸ்ட் என்னும் அம்மையார் வாங்கிய வரலாறே ஒரு தனிக் கதை. 1954-ஆம் வருஷத்து டெர்பி குதிரைப் பந்தயத்தில், தம் நகைகளை அடகு வைத்துப் பெற்ற பணத்தை 'நெவர் ஸே டை' என்ற குதிரையின்மேல் அவர் கட்ட, ஒன்றுக்கு 33 என்று யாரும் லட்சியம் செய்யாதிருந்த அந்தக் குதிரை, லெஸ்டர் பிகட் என்னும் 18 வயது இளைஞனைச் சுமந்துகொண்டு முதலாவதாக ஓடி வந்தது. அந்தப் பணத்தின் உதவியால் வாங்கிய வீட்டின் அடியில், நிலக்கரி கொட்டி வைப்பதற்கென்று ஒரு நிலவறை இருந்தது. தம் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் கூடிக் காப்பி அருந்தவும் பாட்டுக் கேட்கவும் ஓர் இடம் வேண்டுமென்று கருதி, 1959 ஆகஸ்டு 29 அன்று, 'காஸ்பா' என்ற பெயரில் அங்கே ஒரு கிளப்பை அந்த அம்மையார் திறந்து வைத்தார்.

ராக் சங்கீதம் என்றவுடன், மைதானம் கொள்ளாத ஜனத்திரளும், வானளாவிய ஒலிபெருக்கிகளும், கண்ணைப் பறிக்கும் விளக்குகளுமே நமக்கு ஞாபகம் வருகின்றன. காஸ்பாவின் படிகளில் இறங்குகிறவன் அந்த ஞாபகங்களையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். சற்று உயரமான மனிதன் தலை குனிந்தே நடக்கவேண்டிய சிறு சிறு அறைகள். கையை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய கூரை. வாத்தியக்காரர்கள் நிற்பதற்கு ஒரு மூலை. இன்றும் காணக் கிடைக்கும் அந்தக் கூரைச் சித்திரங்களில் பலவற்றைத் தீட்டியவர்கள், திறப்பு விழா அன்று கச்சேரி செய்த வாலிபர்களேதான். ஜான் லென்னன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், கென் பிரௌன் ஆகிய நால்வரும் கையில் ஆளுக்கொரு கிதாரோடு வந்தார்கள். தாளத்துக்கு ஆள் கிடையாது. ஆளுக்கு 15 ஷில்லிங் சம்மானம். அந்த வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், கென் பிரௌன் உடல்நலமில்லாமல் வாசிக்க இயலாதிருந்தும், அவருடைய 15 ஷில்லிங்கை அவரிடமே மோனா அம்மையார் கொடுத்துவிட, மற்ற மூவரும் வாசிக்காதவனுக்கு ஏது கூலி என்று வாதித்து, கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். உலகத்தில் வாத்தியக் கோஷ்டி என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதலாக, சுருதி சேராததைக் காட்டிலும் பங்கு சேராததனால் பிரிந்த கோஷ்டிகளே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வீட்டை நான் தேடிப் போனதற்குக் காரணம் சென்னைப் பட்டணம். மோனா அம்மையார் டில்லியில் பிறந்தவர். அவருடைய மூத்த மகன் பீட் பெஸ்ட் பிறந்தது, 1941 நவம்பர் 24 அன்று, நம் சென்னையில். யுத்தம் முடிந்த வருஷத்தில் குடும்பத்தோடு கப்பலேறி லிவர்பூல் வந்து சேர்ந்த அந்தப் பிள்ளை, வீட்டு நிலவறையில் நடந்த கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு, தானும் ஒரு டிரம் வாத்தியத்தை வாங்கித் தட்டத் தொடங்கினான். 1960 ஆகஸ்டு மாதம், ஜெர்மனிக்குக் கச்சேரி செய்யப் புறப்படவிருந்த, காஸ்பாவை விட்டு வெளியேறிய அந்த மூவரின் பீட்டில்ஸ் கோஷ்டிக்குத் திடீரென்று ஒரு தாளக்காரர் தேவைப்பட்டபோது பீட் பெஸ்ட் அழைக்கப்பட்டார். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 ஆகஸ்டு 16 அன்று, விலக்கப்பட்டார். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 'லவ் மீ டூ' வெளியானது அவ்வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி. நிலவறைகளும், மதுக்கடைகளும், நகரசபை மண்டபங்களும் அவருடைய பங்காக அமைந்தன. அதற்கு அப்பால் வந்த கீர்த்தி முழுவதும் மற்றவர்களுடையதாயிற்று. சிறு அரங்குகளில் வாசித்த ஒரு கோஷ்டியின் வாழ்க்கையை, பின்னால் வந்த பிரகாசம் குறுக்கே விழாமல் பார்க்க வேண்டுமானால், இந்தச் சென்னைப் பிறவியின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்வதே உத்தமமென்று எனக்குத் தோன்றிற்று.

நகரத்துக்குள் மாத்யூ வீதியில் இருக்கும் 'கேவர்ன்' கிளப்புக்கு வழி கேட்கவே வேண்டியதில்லை. கூட்டம் போகும் திசையில் போனால் போதும். பாரிஸ் நகரத்து நிலவறை ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, 1957 ஜனவரியில் ஜாஸ் சங்கீதத்துக்காகத் திறக்கப்பட்ட இந்தக் கிளப், பழக் கிடங்குகள் நிறைந்த தெருவில் ஒரு கிடங்கின் அடியில் இருந்தது. செங்கல் வளைவுகளாலான மூன்று நீண்ட குகைகள். காற்றுப் போக வழியில்லை. ஆட்டத்தின் வெப்பத்தில் ஜனங்களின் வியர்வை ஆவியாகிக் கூரையில் படிந்து, சுண்ணாம்போடு சேர்ந்து துளித் துளியாகத் தலைமேல் சொட்டுமாம். மதுபானம் கிடையாது, தேநீரும், சூப்பும், ரொட்டியுந்தான். 1961 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் இங்கே முதன்முதலாக வாசித்தது நடுப்பகலில். அலுவலகங்களில் தட்டெழுத்து வேலை பார்க்கும் பெண்கள் உணவு இடைவேளையில் ஓடி வந்து, கையில் ரொட்டியும் காலில் தாளமுமாக நின்று கேட்டுவிட்டு, மணி பார்த்து மறுபடியும் ஓடிவிடுவார்கள். அன்றைக்கு ஐந்து பேருக்குமாகச் சேர்த்துக் கிடைத்தது ஐந்து பவுன். கோஷ்டி மொத்தம் 292 தடவை இங்கே வாசித்ததாகக் கிளப்பார் கணக்குச் சொல்கிறார்கள்.

ஆனால் இன்று நாம் இறங்கும் குகை அந்தக் குகை அன்று. நிலத்தடி ரயில்வேக்குக் காற்றுப்போக்கி அமைக்க வேண்டுமென்று 1973-இல் கிளப்பை மூடி, மேலிருந்த கிடங்கை இடித்தார்கள். இடித்த பிறகு காற்றுப்போக்கி கட்டப்படவே இல்லை. அரசாங்கக் காரியங்கள் எல்லா தேசங்களிலும் ஒரே நியதிக்கு உட்பட்டவை போலும்! பிறகு 1984-இல், பழைய செங்கற்களில் கிடைத்தவற்றைக் கொண்டு, பழைய இடத்தின் ஒரு பகுதியில், பழைய சாயலிலேயே இப்போதுள்ளதைக் கட்டினார்கள்.

நான் போயிருந்த பிற்பகலில், கிதார் ஏந்திய ஓர் இளைஞர் மேடையில் தனியாக நின்று பாடிக்கொண்டிருந்தார். பல தேசத்து யாத்திரிகர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். தெரிந்த பாட்டாக இருந்தவரையில் குகையே சேர்ந்து பாடிற்று. நடுவில் ஒரு தடவை, மிகவும் தயங்கித் தயங்கி, தாம் இயற்றிய பாட்டு ஒன்றைப் பாடப் போவதாக அவர் அறிவித்தார். அறிவித்ததுதான் தாமதம், பாதிப் பேர் பானம் வாங்கச் சென்றுவிட்டார்கள். மற்றவர்கள் மேடையை முதுகுப்புறமாக வைத்துத் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொள்ளலானார்கள். பாட்டு மோசமில்லை. அறுபத்து சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் இதே பூமிக்கடியில் நின்ற வாலிபர்களுக்கு இருந்த ஒரு சௌகரியம் இவருக்கு இல்லை என்று அப்போது எனக்குப் பட்டது: அவர்கள் எதைப் பாட வேண்டுமென்று கேட்டவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்ததை மட்டுமே கேட்க வந்திருக்கும் சபையைவிடக் கொடிய சபை ஒரு கலைஞனுக்குக் கிடையாது. அது கைதட்டிக்கொண்டே கழுத்தை நெரிக்கிறது.

வராத சபை இன்னொரு வகை. 1961 டிசம்பர் 9 அன்று, லண்டனுக்குத் தென்மேற்கே ஆல்டர்ஷாட் என்னும் ராணுவ முகாம் ஊரில், பெரிய நடன மண்டபம் ஒன்றில் பீட்டில்ஸின் கச்சேரிக்கு ஏற்பாடாகியிருந்தது. இங்கிலாந்தின் வடமேற்குக் கோடியிலிருந்து ஒரு நாளின் பெரும்பகுதியை வேனுக்குள் கழித்து அவர்கள் போய்ச் சேர்ந்தால், மண்டபம் காலியாகக் கிடந்தது. ஏற்பாடு செய்தவர் விளம்பரக் கூலிக்காகக் கொடுத்த காசோலையை உள்ளூர்ப் பத்திரிகை ஏற்றுக்கொள்ளாமல், விளம்பரத்தைப் பிரசுரிக்காமலே விட்டுவிட்டதாம். அக்கம்பக்கத்துக் காப்பிக் கடைகளில் நுழைந்து, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துப் பார்த்தும், வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். அந்த 18 பேருக்காக அவர்கள் வாசிக்கத்தான் செய்தார்கள்; ஆட்டத்துக்கு ஆளில்லாத அந்த விசாலமான தரையில், வாசித்துக்கொண்டிருந்தவர்களே இருவராகச் சேர்ந்து ஆடியதைக் காட்டும் புகைப்படங்கள் இருக்கின்றன. மண்டபத்தில் பிங்கோ ஆட்டத்துக்கென்று வைத்திருந்த சிறு பந்துகளை உதைத்து விளையாடிப் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பினார்கள்.

லிவர்பூலிலிருந்து அவர்கள் ஜெர்மனிக்குப் போன பாதையிலேயே நானும் போவதென்று தீர்மானித்து, கிழக்குக் கரையிலுள்ள ஹாரிச் துறைமுகத்துக்கு ரயிலேறினேன். அங்கிருந்து ஹாலந்து தேசத்து ஹூக் துறைக்கு இன்றும் கப்பல் ஓடுகிறது. 1960 ஆகஸ்டில், அல்லன் வில்லியம்ஸ் என்னும் லிவர்பூல் காப்பிக் கடைக்காரர், தம் மனைவி, மைத்துனர் முதலியோரோடு கோஷ்டியின் ஐந்து வாலிபர்களையும் ஒரே வேனில் நெருக்கி ஏற்றிக்கொண்டு, வேனின் உச்சியில் வாத்தியப் பெட்டிகளைக் கட்டியபடி இத்துறையை அடைந்தார். கூலியாட்களின் பாரந்தூக்கி அந்த வேனை அப்படியே சங்கிலியில் கட்டி ஆகாயத்தில் தொங்கவிட்டுக் கப்பலுக்குள் இறக்கும் படம் ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது. வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு யாரிடமும் இல்லை; கேட்டால், விடுமுறைக்குப் போகும் மாணவர்கள் என்று சொல்லிக்கொள்வதென்று ஏற்பாடு. நான் போன கப்பலிலோ, பாரந்தூக்கியும் இல்லை, பரபரப்பும் இல்லை. வண்டிகள் தாமாகவே வயிற்றுக்குள் உருண்டு போய்விட்டன. வட கடலைப் பற்றி வருணிக்க எனக்கு ஒன்றும் கிட்டவில்லை. இருட்டில் ஏறி இருட்டில் தூங்கி விடியலில் இறங்கினேன்.

வழியில் ஆர்ன்ஹெம் நகரில் இறங்கி, அருகிலுள்ள ஊஸ்டர்பேக் யுத்த மயானத்துக்குப் போனேன். 1944 செப்டம்பரில், ஆற்றுப் பாலத்தைப் பிடிப்பதற்காக ஆகாயத்திலிருந்து இறங்கி மாண்டுபோன வீரர்கள் அங்கே வரிசை வரிசையாக உறங்குகிறார்கள். ஜெர்மனிக்குப் போகும் வழியில் வேனை நிறுத்திவிட்டு, அந்த நினைவுக் கல்லின் அருகே வாலிபர்களில் நால்வர் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். லென்னன் மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. யுத்தம் முடிந்து பதினைந்தே வருஷங்கள் ஆகியிருந்தன. லிவர்பூலின் மேல் குண்டு மாரி பொழிந்த ஜெர்மானியரின் தேசத்துக்கு, குண்டுகளால் தீக்கிரையான ஹாம்புர்க் நகரத்துக்கு, அந்தக் குண்டுகளின் காலத்திலேயே பிறந்த பிள்ளைகள் பாட்டுப் பாடிப் பிழைக்கப் போனார்கள் என்பதை, அந்தக் கல்லறைகளின் நடுவில் நின்றபோதுதான் நான் முழுவதும் உணர்ந்தேன்.

ஹாம்புர்க் நகரில் ஸாங்க்ட் பௌலி என்பது மாலுமிகளின் பேட்டை. எல்பே நதித் துறைமுகத்தில் இறங்குகிற மாலுமி, மாதக்கணக்கில் கடலில் சேர்த்த சம்பளத்தை ஓரிரவில் தொலைப்பதற்கு வேண்டிய சகல வசதிகளும் ரீப்பர்பான் வீதியிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பல தலைமுறைகளாகச் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை இங்கே விவரிப்பது கண்ணியமாகாது. விவரிக்காமலே வாசகர்களுக்கு விளங்கும். கிளைத் தெருவாகிய கிரோஸே ஃபிரைஹைட்டில், ஒரு பக்கம் பழைய கத்தோலிக்க தேவாலயமும் மறுபக்கம் சிவப்பு விளக்கு எரியும் விடுதிகளுமாக, பாவமும் பரிகாரமும் எதிரெதிர் வீட்டுக்காரர்களாய்க் குடித்தனம் செய்கின்றன. தெருவின் கடைக்கோடியில், 64-ஆம் எண்ணில், 'இந்த்ரா' என்னும் கிளப் இருக்கிறது. அண்மைக் காலம் வரையிலும் அங்கே கச்சேரிகள் நடந்து வந்திருக்கின்றன. 1960 ஆகஸ்டு 17 இரவு பீட்டில்ஸ் ஹாம்புர்கில் முதன்முதலாக வாசித்தது இந்தச் சிறு அறையில்தான். முதலாளி புரூனோ கோஷ்மிடர், அதுவரை ஆடை களையும் ஆட்டம் நடத்திவந்த இடத்தில் புதிதாக ராக் சங்கீதத்தை வைத்துப் பார்க்க நினைத்தார்.

ஒப்பந்தம் இதுதான்: ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க், சாதாரண நாட்களில் இரவு நாலரை மணி நேரம், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். இருப்பிடம் இலவசம். அந்த இருப்பிடத்தைப் பார்க்க நான் பக்கத்திலுள்ள பௌல் ரோஸன் வீதிக்குப் போனேன். 'பாம்பி' என்ற சினிமாக் கொட்டகையாக அன்று இருந்த அக்கட்டடத்தில், திரைக்குப் பின்புறம், கழிப்பறைகளை ஒட்டி, ஜன்னலில்லாத சாமான் அறைகளில் அவர்கள் உறங்கினார்கள். விடியற்காலையில் வந்து படுத்தவர்களைப் பகல் காட்சியின் வசனங்கள் எழுப்பிவிடும். முகம் கழுவுவதற்குக் கழிப்பறைக் குழாயின் குளிர்ந்த நீர். இன்று அங்கே சினிமா இல்லை. நினைவுக் குறிப்பு ஒன்று மட்டும் வாசலில் இருக்கிறது. அதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மேல்மாடிக்காரர் ஒருவர் சைக்கிளை வெளியே எடுப்பதற்காக, சலித்துப்போன முகத்தோடு என்னை விலகச் சொன்னார். அவருடைய சலிப்பு நியாயமானது.

நாலரை மணி நேரம் என்பது சொல்வதற்கு எளிது. லிவர்பூலில் அவர்கள் ஒரு தடவை மேடையேறினால் வாசிப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்; அதற்கு வேண்டிய பாட்டுகள்தான் கைவசம் இருந்தன. இங்கே அந்தச் சரக்கு முதல் இரவு பாதியாவதற்குள் தீர்ந்து போயிற்று. இருந்த பாட்டுகளை நீட்டினார்கள். ரே சார்ல்ஸின் ஒரு பாட்டை அரைமணிக்கும் மேலாக வளர்த்தார்கள். பழைய சினிமாப் பாட்டுகளையும் காதல் பாட்டுகளையும் கைக்கு வந்தபடி சேர்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களோ பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்லர், குடிக்க வந்தவர்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில், பந்திக்கு இடம் பிடிப்பதில் முனைந்திருக்கும் ஜனங்களுக்கு நடுவே, தோடியைத் தன் போக்கில் விஸ்தரித்துக்கொண்டு போகும் நாகஸ்வர வித்வானின் நிலை இதற்கு ஓரளவு ஒப்பாகும். ஆனால் அந்த வித்வானுக்குக் கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சம்பாவனை உண்டு. இங்கேயோ, வாசலில் நடந்து போகிறவனை உள்ளே இழுத்து, உள்ளே வந்தவனை அடுத்த கிண்ணம் பீர் வாங்கும் வரையில் உட்கார வைப்பதுதான் கோஷ்டியின் உத்தியோகம். மேடையில் மரம்போல் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, காட்சி காட்டு, காட்சி காட்டு என்று கோஷ்மிடர் ஜெர்மன் பாஷையில் கத்துவாராம். அவர்கள் குதித்தார்கள், உருண்டார்கள், வைதார்கள், கேலி செய்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பீட் பெஸ்டுக்குக் குதிக்க வழியில்லை. அவர் தம் காலால் பெரிய டிரம்மை நான்கு அடிகளிலும் விடாமல் உதைத்து, அந்த அறை முழுவதற்கும் ஒரு நாடித் துடிப்பை உண்டாக்கினார். லிவர்பூலுக்கு அவர்கள் திரும்பி வந்ததும், டிசம்பர் 27 அன்று லிதர்லண்ட் நகரசபை மண்டபத்தில் வாசித்தபோது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை மறந்து மேடையை நோக்கி ஓடிவந்ததற்கு அந்தத் துடிப்பு ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். ஹாம்புர்கிலிருந்து நேராக வருபவர்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்து, அவர்களை ஜெர்மானியர் என்றே சிலர் நம்பினார்களாம்.

இந்த்ராவில் 48 இரவுகள் வாசித்த பிறகு, மாடியில் குடியிருந்த ஒரு மூதாட்டி இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் செய்ய, அக்டோபர் 4-ஆம் தேதி முதல் அதே தெருவில் கோஷ்மிடரின் மற்றொரு கிளப்பாகிய 'கைஸர்கெல்லர்' என்ற பெரிய நிலவறைக்கு அவர்கள் மாற்றப்பட்டார்கள். அங்கே ரோரி ஸ்டார்ம் என்பவருடைய லிவர்பூல் கோஷ்டியும் மாறி மாறி வாசித்தது. அதில் டிரம் தட்டியவர், பின்னால் பீட் பெஸ்டின் இடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டார். மேடை என்பது பீர்ப் பெட்டிகளின்மேல் போட்ட பலகைதான். அது உளுத்துப்போயிருந்தும் முதலாளி மாற்றித் தர மறுத்ததால், இரு கோஷ்டிகளும் பந்தயம் கட்டிக்கொண்டு இரவெல்லாம் குதித்துக் குதித்து, கடைசியில் ரோரி ஸ்டார்ம் காலடியில் அது முறிந்தே போயிற்று. நவம்பரில் எல்லாம் குலைந்தது. போட்டிக் கிளப்பான 'டாப் டென்'னுக்கு அவர்கள் போகப் போவது தெரிந்து கோஷ்மிடர் சினங்கொண்டார். இரவு பத்து மணிக்குமேல் அப்பேட்டையில் இருக்கக்கூடாத 17 வயதுப் பிள்ளை என்று ஜார்ஜ் ஹாரிஸன் நாடு கடத்தப்பட்டார். பாம்பி கொட்டகையில் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு பாலும் பீட் பெஸ்டும் போலீஸ் காவலில் வைக்கப்பட்டு, பிறகு விமானமேற்றப்பட்டார்கள். இருட்டில் சாமான் கட்டுவதற்கு வெளிச்சம் வேண்டிச் சுவரில் எதையோ கொளுத்தினார்கள், சுவர் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவே.

கிரோஸே ஃபிரைஹைட் தெரு ரீப்பர்பானைத் தொடும் முனையில், 2008-இல், இசைத்தட்டைப்போல் வட்டமாகத் தரையமைத்து, கோஷ்டியினரின் உருவங்களை வெறும் எஃகு விளிம்புகளாக நிறுத்தி, பீட்டில்ஸ் சதுக்கம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கிதார்க்காரர்களை அடையாளம் காண முடிகிறது. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் உருவம் மட்டும் பீட் பெஸ்டும் ஆகலாம், ரிங்கோவும் ஆகலாம். இருவருக்குமாக ஒரே விளிம்பை வைத்துவிட்டார்கள். சிற்பியின் சிக்கனமோ, நகரத்தாரின் ராஜதந்திரமோ, நான் அறியேன். இரண்டு வருஷ காலம் இந்த வீதியிலும் கேவர்னிலும் கைநோகத் தட்டிய மனிதருக்குக் கிடைத்தது பாதி வெற்றிடம். விலக்கப்பட்டதன் காரணத்தைப் பற்றிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். இசைத்தட்டுப் பதிவில் அவருடைய வாசிப்பு திருப்தி தரவில்லை என்பது ஒன்று, குணத்தால் ஒதுங்கியிருந்தார் என்பது மற்றொன்று. அதற்குப் பின்னர் அவர் ரொட்டிக் கடையில் வேலை செய்தார். பிறகு லிவர்பூலில் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏறத்தாழ இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தார். 1988-இல் மீண்டும் மேடையேறித் தம் பெயராலேயே ஒரு கோஷ்டி அமைத்து ஊர் ஊராக வாசித்தார். அவருக்காகப் பரிதாபப்படுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பரிதாபத்தில் நான் கலந்துகொள்ளத் தயாரில்லை. சிறு கிளப்புகள் பெரிய அரங்குக்குப் போகும் படிக்கட்டு என்று வைத்துக்கொண்டால்தான் அவர் நடுவழியில் தள்ளிவிடப்பட்டவராகிறார். படிக்கட்டில் ஏறாமல் படியிலேயே குடியிருந்து, வாழ்நாள் முழுவதும் அங்கேயே வாசித்துத் தீர்த்த கோஷ்டிகளைக் கணக்கெடுத்தால், அவருடைய வாழ்க்கைதான் பொதுவிதி, மற்ற நால்வருடையது விபத்து என்று தெரியவரும்.

அந்தப் படிகளுக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பிரிட்டனில் 2023 ஒரே வருஷத்தில் இத்தகைய சிறு அரங்குகள் 125 மூடப்பட்டன, அல்லது கச்சேரிகளை நிறுத்திவிட்டன. வாடகையும் மின்சாரக் கட்டணமும் ஏறுகின்றன. கிளப்பின் பக்கத்தில் புதிதாக வீடு வாங்கிக் குடிவருகிறவர், கிளப் சத்தம் போடுகிறதென்று புகார் எழுதுகிறார். ஹாம்புர்கில் 1990 முதல் நடந்துவரும் 'மோலோடாவ்' என்னும் கிளப்பின் வரலாறு இதற்குத் தக்க உதாரணம். முதலில் அது இருந்த கட்டடம் 2013 டிசம்பரில் ஓரிரவில் அதிர்ந்து ஆட்டங்கொடுக்க, எல்லோரையும் வெளியேற்றி, அடுத்த வருஷம் இடித்தே விட்டார்கள். வேறிடம் பார்த்துக் குடியேறிச் சில வருஷங்களில், அங்கே ஓட்டல் கட்டப் போவதாகச் சொல்லிக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது. ஜனங்கள் தெருவிலிறங்கி ஊர்வலம் போனார்கள். கடைசியில் கிடைத்த இடம் ரீப்பர்பான் 136-ஆம் எண். 1961-இல் பீட் பெஸ்டும் மற்றவர்களும் மூன்று மாத காலம் இரவுதோறும் வாசித்த 'டாப் டென்' கிளப் இருந்த அதே விலாசம்.

நான் கச்சேரி கேட்டது இவற்றில் எதிலும் அன்று. பக்கத்துச் சந்தில், பெயர்ப் பலகைகூடச் சரியாக எரியாத ஒரு மதுக்கடையின் பின்னறையில். நாலு பேர் கொண்ட உள்ளூர்க் கோஷ்டி. பாடுகிறவள் ஒரு பெண். மாலை ஆறு மணிக்கே அவர்கள் பழைய வேனிலிருந்து ஆம்ப்ளிஃபயர்களையும் டிரம் பெட்டிகளையும் தாங்களே சுமந்து இறக்கி, மைக்கைத் தட்டித் தட்டி ஒலியைச் சரிபார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் சும்மா காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் இவ்வகைக் கோஷ்டியின் வாழ்நாளில் வாசிப்பதைவிட வண்டி ஓட்டுவதும், வண்டி ஓட்டுவதைவிடக் காத்திருப்பதும் அதிகம். கச்சேரி தொடங்கியபோது அறையில் முப்பது பேருக்கும் குறைவு. அவர்களில் சிலர் அடுத்து வாசிக்கவிருந்த கோஷ்டிக்காரர்கள். மேடைக்கு அருகே ஓர் அரைவட்டம் காலியாகவே இருந்தது. மூன்றாவது பாட்டில் கிதாரின் தந்தி அறுந்துவிட, மாற்றுகிற வரையில் டிரம்காரர் தாளத்தை நிறுத்தாமல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அறை அப்போதுதான் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த அரைவட்டம் மெல்ல மெல்ல நிரம்பிற்று. சங்கீதத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் சொல்லத் தகுதியில்லை. செவிக்குப் பலமாகவே இருந்தது, பஞ்சு வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் அவர்களோடு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். டிரம்காரர் பகலில் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி இறக்கும் வேலையில் இருக்கிறார். கிதார்க்காரர் ஆஸ்பத்திரியில் தாதி. பாடும் பெண் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. "பீட்டில்ஸ் பாட்டு வாசிப்பீர்களா?" என்று கேட்டேன். "யாத்திரிகர்கள் வரும் கிளப்புகளில் அதற்குக் காசு கொடுப்பார்கள், ஐயா. ஒரு கோடைக்காலம் அப்படி வாசித்துத்தான் இந்த வேனை வாங்கினோம்" என்றார் டிரம்காரர், எவ்வித வெட்கமும் இல்லாமல். அன்றைய வரும்படி, தொப்பியைச் சுற்றி அனுப்பிச் சேர்ந்த தொகை. பெட்ரோலுக்கென்று முதலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியை அந்தப் பெண் சந்து விளக்கின் கீழ் நாலாகப் பிரித்தாள். சாப்பிட்ட சூப்புக்குக் கடைக்காரர் கணக்கு வைத்திருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றிச் சற்று நேரம் தர்க்கம் நடந்தது. "நாளைக்கு எங்கே கச்சேரி?" என்று விசாரித்தேன். கீல் நகரத்தில், ஒரு புத்தகக் கடையின் பின்பக்கத்தில் என்றாள். மேடை கிடையாது, டிரம்மை மெதுவாகத் தட்ட வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், ஆனால் படுக்க இடமும் சுடச்சுடச் சாப்பாடும் உண்டு என்று, அதைப் பெரிய அரங்கத்தின் அழைப்பைச் சொல்வது போன்ற குதூகலத்தோடு தெரிவித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஒரு பக்கத்துக் கைப்பிடியை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.